திஸில்கார்ம் போறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கப் போட்டுரு பாப்பா

பாப்பா,

துபாய்ல லீவு கிடைச்சாச்சு, எகிப்துல ஷார்ம் எல் ஷேக் போயி திஸில்கார்ம் டைவ் பண்ணப் போறேன்னு நீ சொன்னதுல இருந்து அப்பாவுக்கு மனசெல்லாம் அங்கதான். 1941ல ஜெர்மன் விமானம் குண்டு போட்டு முக்குன பிரிட்டிஷ் சரக்குக் கப்பல், உள்ள லாரியும் மோட்டார் பைக்கும் இன்னும் நிக்குது, கண்ணு நிறைய பாத்துட்டு வா. ஆனா அடித்தரை 30 மீட்டர், நீரோட்டம், அதான் கரண்ட், பலமா இழுக்கும், கயிறப் பிடிச்சு இறங்கி கயிறப் பிடிச்சே ஏறணும். அதான் இத உக்காந்து எழுதறேன்.

சிலிண்டர்ல காத்தழுத்தம் 50 பார் இருக்கறப்ப மேல வந்துருங்கன்னு போட்ல சொல்லுவாங்க. 12 லிட்டர் சிலிண்டர்ல 50 பார்னா 600 லிட்டர் காத்து, நீ ஒருத்தி நிதானமா ஏறிவர அது போதும். ஆனா உன் கூட வர்ற பொண்ணுக்கு அடியில காத்து நின்னுபோனா அவளும் உன் சிலிண்டர்லதான் மூச்சு விடணும், அதுவும் ரெண்டு பேருமே பயந்துபோயி. இங்க அந்தமான் ஹாவ்லாக்ல ஒரு கெஸ்ட் அப்படித்தான் என் ஆக்டோபஸ்ஸ, அதான் அவசரத்துக்கு இருக்கற ரெண்டாவது மூச்சுக்குழாய, இழுத்து வாயில வச்சுக்கிட்டாரு, கேஜ் முள்ளு இறங்குறது கண்ணுக்குத் தெரிஞ்சுது பாப்பா, சாதாரணமா அது நகர்றதே தெரியாது.

அதனால கணக்கு ரெண்டு பேருக்கு. தண்ணிக்கு மேல நிதானமா நிமிஷத்துக்கு 16 லிட்டர் இழுக்கற ஆளு பயத்துல 30 இழுக்கும்னு வை, ரெண்டு பேருக்கு 60. 30 மீட்டர்ல அழுத்தம் 4 பார், ஒவ்வொரு மூச்சுக்கும் 4 மடங்கு காத்து போகும், அப்ப அங்க ஒரு நிமிஷத்துக்கு 240 லிட்டர், அதாவது நிமிஷத்துக்கு 20 பார் போயிரும். ஆக்டோபஸ்ஸக் குடுத்து, கையப் பிடிச்சு, ஓகே சிக்னல் காட்டி கிளம்பறதுக்கே அந்த ஒரு நிமிஷம் ஆயிரும். அப்புறம் 5 மீட்டர் வரைக்கும் நிமிஷத்துக்கு 9 மீட்டர் வேகத்துல ஏறினா 3 நிமிஷம், நடுவுல சராசரி அழுத்தம் 2.75 பார், அது 495 லிட்டர். 5 மீட்டர்ல 3 நிமிஷம் அப்படியே நிக்கற சேஃப்டி ஸ்டாப்புக்கு 270. கடைசி ஒரு நிமிஷம் மேல வர 75. எல்லாம் சேத்தா 1080 லிட்டர், 12ஆல வகுத்தா 90 பார். சிலிண்டர் 10 லிட்டர்னா இதே காத்துக்கு 108 பார் வேணும், அதனால என்ன சிலிண்டர் தர்றாங்கன்னு கேக்காம கணக்கு போடாத.

200ல ஆரம்பிச்சா சுத்திப் பாக்க மிச்சம் 110 பார்தான். அதுலயும் திரும்பக் கயிறுக்கு வரணுமே, அதனால பாதி, 55. கேஜ்ல 145 வந்துச்சுன்னா எவ்ளோ அழகான பைக் முன்னாடி நின்னாலும் திரும்பிரு. கரண்ட் எதிர்த்து வந்தா அதுக்கும் முன்னாடியே. மேல்தளத்துல ஆழம் பாதிதான், அங்க காத்து நிறைய நேரம் வரும், அடியில முதல்ல பாத்துட்டு மெல்ல மேல ஏறிவா.

ஆக்ஸிஜன் கூடுதலா கலந்த நைட்ராக்ஸ் காத்து எடுத்துக்கறேன், ரொம்ப நேரம் இருக்கலாம்னு சொன்னியே, அது உடம்புல சேர்ற நைட்ரஜன் கணக்குக்குத்தான்மா. சிலிண்டர்ல இருக்கற லிட்டர் அதேதான், கையில கட்டற டைவ் கம்ப்யூட்டர் இன்னும் டைம் இருக்குன்னு காட்டிட்டே இருக்கும், இங்க காத்து தீந்துட்டே வரும். எனக்கு இதுலதான் ரொம்பப் பயம்.

எதாவது தப்பாப் போயி காத்து பத்தாத மாதிரி இருந்தா சேஃப்டி ஸ்டாப்ப விட்டுட்டு மெதுவா மேல வந்துரு, டெகோ கடன், அதான் நைட்ரஜன் வெளிய போக நடுவுல கட்டாயமா நிக்கவேண்டிய நேரம், இல்லாத டைவ்ல அத விடலாம். வேகமா மட்டும் ஏறக்கூடாது, மூச்ச அடக்கவே கூடாது, நுரையீரல் கிழிஞ்சுரும்.

நான் 16 லிட்டர்னு வச்ச இடத்துல உன் நிஜமான அளவு என்னன்னு முதல் நாள் ஈஸி டைவ்ல பாத்துக்க. 10 மீட்டர்ல 10 நிமிஷம் ஒரே ஆழத்துல இரு, 30 பார் குறைஞ்சா 360 லிட்டர், 10ஆல வகுத்து 2 பாரால வகு, 18 வரும். உன் ஃப்ரெண்டையும் அதே பண்ணச் சொல்லு. 90, 145 ரெண்டையும் ஸ்லேட்ல எழுதி அவகிட்டயும் காட்டிரு, அவ சிலிண்டர் சைஸும் கேட்டு முந்தின நாள் ராத்திரி எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பு, நான் ஒருதடவ சரிபாத்துச் சொல்றேன்.

அப்பா