பாலை மரமும் பற்றையும் ஒன்றல்ல: வன்னிக் காடுகளை அளப்போருக்கும் ஆள்வோருக்கும் ஒரு திறந்த மடல்

வன்னி மாவட்டங்களில் காணி, காடு, நீர் பற்றித் தீர்மானம் எடுக்கும் அதிகாரிகளுக்கும், அக்காடுகளைச் செய்மதிப் படங்களிலும் களத்திலும் ஆராய்ந்துவரும் பல்கலைக்கழகத்தாருக்கும்,

வணக்கம்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சிறு குளத்தின் கீழ் வயல் செய்பவன். நீண்ட காலம் புவியியல் படிப்பித்து இளைப்பாறியவன். இம்மடலை உங்கள் இரு தரப்பினருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் சொல்ல வந்த குறை, நீங்கள் ஒருவரோடொருவர் இருந்து பேசாத இடைவெளியில் விளைந்தது என்பதே அதற்குக் காரணம்.

என் தகப்பனார் அரசிடம் காணி ஒப்பம் (அனுமதிப்பத்திரம்) பெற்று வெட்டித் திருத்திய மூன்று ஏக்கர் வயல் எங்களுடையது. இடம்பெயர்ந்து, ஊர் ஊராக அலைந்து, போர் முடிந்தபின் நாங்கள் திரும்பி வந்தபோது வரம்புகள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. விடத்தலும் சூரையும் ஈச்சும் மண்டி, அவற்றுக்கிடையே ஆள் உயரத்துக்கு மேல் இளமரங்கள் எழுந்து நின்றன. துப்புரவாக்கத் தொடங்கிய சில காலத்தில், ஒரு நாள் காலை, வயலின் நடுவே வனத்துறையின் எல்லைக்கல் நடப்பட்டிருந்தது. விசாரித்தபோது அந்த நிலம் வரைபடத்தில் காடு என்றார்கள். வரைபடத்தைக் காட்டும்படி கேட்டேன். அதை வாசிக்க எனக்குத் தெரியும். அங்கே பச்சை நிறம் இருந்தது உண்மைதான். படம் எடுக்கப்பட்ட வேளையில் அந்த நிலத்தை மரமூட்டம் மூடியிருந்தது என்பதிலும் பொய் இல்லை. ஆனால் அந்தப் பச்சையின் கீழே என் தகப்பனார் கட்டிய வரம்பும், குளத்துத் துருசிலிருந்து (மதகிலிருந்து) வரும் வாய்க்காலும் கிடந்தன என்பதை அந்தப் படம் சொல்லவில்லை; சொல்லவும் முடியாது.

என்னை அதைவிடக் கூடுதலாக வருத்தியது அதே வரைபடத்தின் இன்னொரு மூலை. எங்கள் குளத்தின் அலைகரைக்கு, அதாவது நீர் பரந்து நிற்கும் மேற்புற விளிம்புக்கு, மேலே பாலையும் முதிரையும் வீரையும் விண்ணாங்கும் நெருங்கிய பழங்காடு இருக்கிறது. அதற்குள் கிரவல் மண் அள்ளுவதற்காகத் துண்டு துண்டாக நிலம் திறக்கப்பட்டுக்கொண்டிருந்தது. இரவில் டிப்பர்கள் போவது ஊர் முழுவதற்கும் கேட்கும். வரைபடத்திலோ அந்த இடம் குறையேதுமின்றி ஒரே பச்சையாக இருந்தது. ஒரே தாளில் இரண்டு பிழைகள்: வயல் காடாகிவிட்டது, காடு அழிவது தெரியாமலே போய்விட்டது. ஒரு தலைமுறையில் முளைத்த பற்றைக்கும், முதிர்வதற்குப் பல தலைமுறைகள் எடுக்கும் பாலைக்கும் வேறுபாடு தெரியாத ஒரு கணக்கைக் கொண்டு எவராலும் காட்டைக் காப்பாற்ற முடியாது. அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வழி அறிவியலாளரிடம் இருக்கிறது, அதைக் கொண்டு செயற்படும் அதிகாரம் அலுவலகத்தில் இருக்கிறது, எந்த மரம் எப்போது முளைத்தது என்ற நினைவு ஊரில் இருக்கிறது. இந்த மூன்றையும் ஒரே மேசையில் வைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத ஆசை என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஆகவே பிரேசில் நாட்டில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அமேசன் காட்டில் ஆண்டுதோறும் எவ்வளவு அழிகிறது என்பதை அந்நாட்டின் தேசிய விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பே, 1988ஆம் ஆண்டு முதல் செய்மதிப் படங்களைக் கொண்டு அளந்துவருகிறது. அளந்ததனால் மட்டும் அழிவு நிற்கவில்லை. 2004ஆம் ஆண்டுக் கணக்கில் மட்டும் 27,772 சதுர கிலோமீற்றர் காடு வெட்டப்பட்டது. எங்கள் வடமாகாணத்தின் பரப்பைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். அந்த ஆண்டிலேதான், மரீனா சில்வா சுற்றாடல் அமைச்சராக இருந்தபோது, பல அமைச்சுகளை ஒன்றாகப் பிணைத்த ஒரு செயற்றிட்டம் தொடங்கியது. இன்பே தன் வேலைமுறையை மாற்றிக்கொண்டது. ஆண்டு முடிவில் இழப்பைக் கணக்கிட்டுச் சொல்வதோடு நின்றுவிடாமல், வெட்டு நடந்துகொண்டிருக்கும்போதே இடத்தைக் காட்டும் ‘டீட்டர்’ என்ற எச்சரிக்கை முறையை உருவாக்கியது; சுற்றாடல் அமலாக்க அலுவலர்கள் அந்த எச்சரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு களத்துக்குப் போனார்கள். 2008இல் அந்நாட்டு நிதித்துறை, அமேசன் பகுதியில் சுற்றாடல் விதிகளுக்கு அமைந்து நடப்பதைக் காட்டாதவர்களுக்கு விவசாயக் கடன் இல்லை என்று விதித்தது. புதிய பாதுகாப்பு வலயங்களும் பழங்குடியினரின் நில எல்லைகளும் அறிவிக்கப்பட்டன. 2012ஆம் ஆண்டில் அழிவு 4,571 சதுர கிலோமீற்றராகக் குறைந்திருந்தது.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. இன்பே தன் அளவீடுகளைப் பொதுமக்கள் எவரும் பார்க்கும்படி வெளியிட்டது. அரசு சொல்லும் எண்ணை வெளியாரும், வெளியார் சொல்லும் எண்ணை அரசும் சரிபார்க்க முடிந்தது. 2019இல் அளவீடு அரசுக்கு உவப்பாக இல்லாதபோது அந்த நிறுவனத்தின் தலைவர் ரிக்கார்டோ கல்வாவோ பதவியிலிருந்து நீக்கப்பட்டார், அமலாக்கமும் தளர்ந்தது. 2021இல் அழிவு 13,038 சதுர கிலோமீற்றராக ஏறிவிட்டது. 2023இல் மரீனா சில்வா மீண்டும் அமைச்சராகி, பழைய செயற்றிட்டம் மீண்டும் கையிலெடுக்கப்பட்டபின், 2024ஆம் ஆண்டுக் கணக்கில் அது 6,288 ஆகக் குறைந்தது. செய்மதிகள் இந்த இருபது ஆண்டுகளிலும் வானில் இருந்துகொண்டுதான் இருந்தன. அளப்பவரும் ஆள்பவரும் சேர்ந்திருந்த காலங்களில் எண் இறங்கியது. பிரிந்த காலத்தில் ஏறியது.

ஒரு நாட்டின் கதை பெரிதாகத் தோன்றினால், பாரா மாநிலத்திலுள்ள பராகொமினாஸ் என்ற நகராட்சியைப் பாருங்கள். மரஆலைகளுக்கும் மாட்டுப்பண்ணைகளுக்கும் பேர்போன இடம் அது. 2008இல் மத்திய அரசு மிக அதிகமாகக் காடழிக்கும் நகராட்சிகளின் பட்டியலை வெளியிட்டபோது அதன் பெயரும் அதில் இருந்தது. நகர முதல்வரும் விவசாயிகளும் பெலெம் நகரிலுள்ள இமாசொன் என்ற ஆய்வு நிறுவனமும் கூடி உடன்படிக்கை செய்துகொண்டார்கள். காணிகளை எல்லையிட்டுப் பதிவு செய்தார்கள். எச்சரிக்கை வந்தால் உள்ளூரார் போய்ப் பார்த்து விடை சொன்னார்கள். 2010இல் அந்தப் பட்டியலிலிருந்து விடுபட்ட முதல் நகராட்சி அதுவே. பட்டியலிலிருந்து விலகுவதற்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளுள் ஒன்று, நகராட்சியின் காணிகளில் நூற்றுக்கு எண்பது பங்கு பதிவாகியிருக்க வேண்டும் என்பது. காணி யாருடையது என்று தெளிவாகாத இடத்தில் காடழிப்புக்கு எவரும் பொறுப்பாக மாட்டார் என்பதை அவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள்.

வன்னியில் காணியின் தெளிவின்மை நேற்று வந்ததன்று. பயிர் செய்யப்படாத நிலமும் காடும் முடிக்குரியவை என்று கொள்ளும் சட்டம் 1840இல் வந்தது. இன்றும் திருத்தங்களோடு நடைமுறையிலுள்ள வனச் சட்டத்தின் வேர் 1907இல் இருக்கிறது. ஒதுக்குக்காடுகளாக வர்த்தமானியில் வெளிவராத ஏனைய அரச காடுகளை வனத்துறையின் கீழ் வைத்த 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை, 2020 நவம்பரில் நீக்கப்பட்டு, அவற்றைக் கையாளும் அதிகாரம் மாவட்ட, பிரதேச செயலாளர்களிடம் தரப்பட்டது. ஒரு சுற்றறிக்கையால் காடு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போக முடியுமாயின், இரண்டு மேசைகளிலும் ஒரே உண்மையான வரைபடம் இருக்க வேண்டியது எவ்வளவு அவசியம் என்பதை நான் உங்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

பல்கலைக்கழகத்தாருக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு வேண்டிய கருவிகள் இன்று விலையின்றிக் கிடைக்கின்றன. லான்ட்சாட் செய்மதிகளின் படத்தொகுப்பு 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். 2015 முதல் சென்ரினல் செய்மதிகள் பத்து மீற்றர் நுணுக்கத்தில் படம் தருகின்றன. 1970களிலிருந்து உள்ள படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், எங்கள் வயல் வயலாக இருந்த ஆண்டும், அது பற்றையான ஆண்டும் தெரியவரும். உண்மையில், செய்மதி எங்களுக்கு எதிரான சாட்சி ஆனது, அதனிடம் ஒரே ஓர் ஆண்டைப் பற்றி மட்டும் கேள்வி கேட்டதனால்தான். ஆயினும் எங்கள் நிலத்துக்குரிய சிக்கல்கள் சில உண்டு. வாடைக்காற்றோடு மழை தொடங்கினால் வானம் மூடிவிடும். அந்த மாதங்களில் முகிலை ஊடுருவிப் பார்க்கும் ராடர் படங்கள்தான் உதவும். கடுங்கோடையில் இலையுதிர்க்கும் மரங்கள், வெட்டப்பட்டவை போலப் படத்தில் தோன்றலாம். தேக்கந்தோட்டம் இயற்கைக் காடாகக் கணக்கில் ஏறிவிடலாம். இவற்றையெல்லாம் களத்தில் நடந்து சரிபார்க்காமல் தீர்க்க முடியாது. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. மாணவர்கள் எங்கள் ஊர்களுக்கு வினாக்கொத்துகளோடு வருகிறார்கள், நாங்களும் மனமுவந்து விடை சொல்கிறோம். பின்னர் என்ன கண்டார்கள் என்று எவரும் திரும்பி வந்து சொன்னதில்லை. ஆங்கிலத்தில் வெளியாகும் உங்கள் கட்டுரையின் சாரத்தை இரண்டு பக்கத் தமிழில் பிரதேச செயலகத்துக்கும் கமக்காரர் அமைப்புக்கும் கொடுத்தால், அந்த ஆய்வு எங்களுக்கும் உதவும்.

காடு ஏன் இவ்வளவு முக்கியம் என்று வன்னியில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் தீர்மானம் எடுப்பவர்கள் சிலர் வெளியிடங்களிலிருந்து மாற்றலாகி வருபவர்கள் என்பதால் சொல்கிறேன். கனகராயன் ஆறு இரணைமடுவுக்கும், பாலியாறு வவுனிக்குளத்துக்கும், பேராறு முத்தையன்கட்டுக்கும் நீர் கொண்டு வருகின்றன. இந்த ஆறுகள் மலையில் பிறப்பவை அல்ல. காட்டுக்குள்ளே பெய்த மழைதான் அவற்றில் ஓடுகிறது. அலைகரைக்கு மேலுள்ள காடு அழிந்தால் மழைநீர் மண்ணோடு ஒரே மூச்சில் இறங்கும். குளம் தூர்ந்து, முன்னரிலும் குறைந்த நீரைக் கொண்டே நிரம்பி வான் பாயும் (வழிந்தோடும்). 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மக்கள் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். அந்த வெள்ளத்துக்குப் பெருமழையே காரணம், அதைக் காடழிப்பின் மேல் முழுவதுமாகச் சுமத்த நான் முற்படவில்லை. ஆனால் அடுத்த பெருமழையின்போது நீரேந்துபகுதி எந்த நிலையில் இருக்கும் என்பது நம் கையில் இருக்கிறது. இலங்கைக் காடு என்றதும் ஈரவலய மழைக்காடான சிங்கராஜவை நினைப்பவர்கள், நாட்டின் காடுகளில் பெரும்பங்கு உலர்வலயத்தில்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அதிகாரிகளிடம் நான் கேட்பது இவைதான். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் காடு ஒரு நிரந்தர விடயமாக இருக்கட்டும். அக்கூட்டத்துக்கு முன்னர் அந்த மாதத்தில் எங்கெங்கு மரமூட்டம் குறைந்தது என்ற வரைபடத்தைப் பல்கலைக்கழகம் தயாரித்துத் தரட்டும். அது பிரதேச செயலகச் சுவரில், தமிழில், ஊர்ப் பெயர்களோடும் குளப் பெயர்களோடும் தொங்கட்டும். கிரவலுக்கும் மணலுக்கும் அனுமதிப்பத்திரம் கொடுக்கப்பட்ட இடங்களும் அதே வரைபடத்தில் குறிக்கப்பட்டால், அனுமதி பெற்ற இடம் எது, அனுமதியின் பெயரால் தோண்டப்படும் இடம் எது என்பது எவருக்கும் தெரியும். எல்லைக்கல் நடுவதற்கு முன்னர் ஒப்பமும் காணி உறுதியும் வைத்திருப்போரைக் கிராம அலுவலர் ஊடாக அழைத்துக் கேளுங்கள். ஒப்பம் போரில் தொலைந்துபோனவர்களுக்குப் பழைய படங்களே சாட்சியாகட்டும். இவ்வாறு வயல்களை விடுவித்தால் காடு சுருங்கிவிடும் என்று அஞ்ச வேண்டாம். தன் வயல் தனக்கு என்று உறுதியானவன்தான் அதன் பின்னாலுள்ள காட்டுக்கும் காவலாக நிற்பான். கல் நடப்பட்ட அன்று எங்கள் ஊரில் பலர், இனிக் காடு எப்படிப் போனால் எங்களுக்கென்ன என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

எங்கள் பக்கத்துத் தவறுகளை மறைத்து நான் இம்மடலை எழுதவில்லை. பாலைப்பழக் காலத்தில் பழத்துக்காகக் கொப்பையே வெட்டி வீழ்த்துபவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். வயலென்ற பெயரில் பழங்காட்டுக்குள் வேலியை நகர்த்துபவர்களும், முதிரைக் குற்றிகளை இரவில் ஏற்றிவிடுபவர்களும் இருக்கிறார்கள். உண்மையான வரைபடம் வந்தால் அது அவர்களையும் காட்டும், காட்டத்தான் வேண்டும். அதை ஏற்க முடியாது என்று எங்கள் கமக்காரர் அமைப்பில் எவராவது சொன்னால், அவர்களோடு பேசும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் குளத்தின் கீழுள்ள முப்பத்தொரு குடும்பங்களின் ஒப்பப் பிரதிகளையும், வயல்கள் பயிரிடப்பட்ட ஆண்டுகளைப் பற்றி முதியவர்கள் சொன்னவற்றையும் கொப்பி ஒன்றில் எழுதி வைத்திருக்கிறேன். பழங்காட்டின் விளிம்பு எங்கே இருந்தது என்று காட்டக்கூடிய இருவர் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். இருவருக்கும் எண்பது வயது கடந்துவிட்டது. காலபோக விதைப்புக்கு முன், பாதை காய்ந்திருக்கும்போதே, உங்கள் இரு தரப்பிலிருந்தும் ஒருவரையாவது அனுப்புங்கள். அவர்களோடு நானும் நடந்து வருவேன்.

இங்ஙனம்,
முல்லைத்தீவு மாவட்டக் கமக்காரர் ஒருவர்