பதினான்கு ஜேர்சிக்கு அளவு

நோர்வூட்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ வேலை முடிந்து போர்டிங்குக்கு வரும் நேரம் இங்கே சிக்னல் இருக்காது. சிக்னல் இருந்தாலும் அம்மா போனைத் தரமாட்டாள். அதோடு, சில விஷயங்களை உன் குரலைக் கேட்டுக்கொண்டே சொல்ல எனக்கு வராது.

இங்கே நான் பழக்கும் பெண் பிள்ளைகளின் கிரிக்கெட் டீமுக்காக நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. "பதினான்கு பிள்ளைகளுக்கும் நானே ஜேர்சி தைத்து அனுப்புகிறேன், என்ன கலர் என்று மட்டும் சொல்லுங்கப்பா." அதற்குப் பதில் எழுத எனக்கு ஒன்பது நாள் ஆகிவிட்டது.

2010-இல் வலைப்பந்து டீமுக்கு நான் வாங்கி வந்த டீ சேர்ட்டை நீ மறந்திருக்க மாட்டாய். கடையில் போய் "பொம்பளைப் பிள்ளைகளுக்கு" என்றேன். கடைக்காரர் வேறெதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ரோஸ் கலரில் ஒரு கட்டை எடுத்து மேசையில் போட்டார். நெஞ்சில் மினுக்கம் தூவிய வண்ணத்துப்பூச்சி, அகலக் கழுத்து, கட்டைக் கை, மெல்லிய துணி. பையன்களுக்கு அன்றைக்கே வாங்கிய நீலச் சட்டையோ தடித்த துணி, முதுகில் பெரிய இலக்கம். இரண்டுக்கும் ஒரே விலை. பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்துத்தான் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வலயப் போட்டியன்று மழை. நம் ஊர் மழையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று அடி தள்ளி நில், இரண்டு கையையும் உயர்த்து என்று ஒரு வருடமாக உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அன்றைக்கு எதிரணிப் பிள்ளை வலைக்குக் குறி பார்க்கிறாள், நீயும் மற்றவளும் கையை மார்போடு கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. எனக்கு அது புரியவே இல்லை, கண்ணு. கோட்டுக்கு வெளியே குடையோடு நின்று "கையைத் தூக்கு! கையைத் தூக்கு!" என்று கத்திக்கொண்டே இருந்தேன். திரும்பி வரும்போது லொறியில் யாரும் பேசவில்லை. தோற்ற கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் இறுதிப் போட்டியன்று காலையில் வயிற்றுவலி என்று நீ படுத்துவிட்டாய். உன்னை ஏசினேன். வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தின் படத்தைப் பத்திரிகையில் வெட்டி லயத்துச் சுவரில் ஒட்டினால் போதுமா, ஆட வேண்டாமா என்று கேட்டேன். உங்களுக்கு அன்றைக்கு வெள்ளைப் பாவாடை. என்ன நடந்தது என்று அம்மா எனக்குச் சொன்னது, நீ வேலைக்குப் போய் இரண்டு வருடம் கழித்து. 2023-இல் இங்கிலாந்துப் பெண்கள் உதைபந்தாட்ட அணி அதே காரணத்துக்காக வெள்ளைக் காற்சட்டையை விட்டு நீலத்துக்கு மாறியது. தலை முதல் கால் வரை வெள்ளை என்று பிடிவாதம் பிடிக்கும் விம்பிள்டனிலும் பெண்கள் உள்ளே கடும் நிறக் காற்சட்டை போடலாம் என்று அந்த வருடப் போட்டியிலிருந்துதான் விட்டுக்கொடுத்தார்கள். பத்திரிகையில் அதைப் படித்துவிட்டு வெகு நேரம் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அம்மா தேத்தண்ணி ஆறுகிறது என்று இரண்டு தரம் கூப்பிட்டாள்.

சரி, ரோஸைத் திட்டத்தான் கடிதம் எழுதுகிறேன் என்று நினைக்காதே. மெஸ்ஸி 2023-இல் இன்டர் மயாமிக்குப் போனாலும் போனார், ஹட்டன் நடைபாதைக் கடைகளில் ரோஸ் ஜேர்சி தொங்குகிறது. கீழ் லயத்துப் பையன்கள் முதுகில் 10 என்று போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தித் திரிகிறார்கள். இத்தாலி சைக்கிளோட்டத்தில் முன்னணியில் இருப்பவருக்கு 1931 முதல் ரோஸ் சட்டைதான். அந்தப் போட்டியை நடத்திய பத்திரிகை ரோஸ் தாளில் அச்சானது, அவ்வளவுதான் காரணம். அவர்களுக்கு அது ஜெயித்தவனின் சட்டை. நான் உங்களுக்கு வாங்கியது "லேடீஸ்" என்று எழுதிய தட்டிலிருந்து எடுத்தது. கலர் ஒன்றானாலும் சரக்கு வேறு.

எங்கே வித்தியாசம் வேண்டுமோ அங்கே அதைச் செய்ய யாருக்கும் தோன்றவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். பெண்கள் கிரிக்கெட் பந்து 140 முதல் 151 கிராம் வரை. ஆண்களுடையது ஏறத்தாழ 156 முதல் 163. யாரோ ஒருவர் கையையும் தோளையும் நினைத்துத்தான் நிறுத்திருக்கிறார். உன் ஓட்டச் சப்பாத்து ஞாபகம் இருக்கிறதா? பெண்களின் பாதம் முன்பக்கம் அகன்றிருந்தாலும் குதிகால் ஒடுக்கமாக இருக்கும். ஆண்களின் அச்சிலேயே செய்து, சைஸைக் குறைத்து, ஓரத்தில் ஊதாக் கோடு இழுத்து விற்றார்கள். ஒவ்வொரு அடிக்கும் குதிகால் கழன்றது. அம்மா கிழிந்த வொயில் சேலைத் துண்டை நான்காக மடித்து உள்ளே வைத்துத் தந்தாள். அதோடுதான் நீ 800 மீற்றர் ஓடினாய். கோடு மட்டும் வடிவாகத்தான் இருந்தது.

பெண்கள் விளையாடும்போது உள்ளே போடுவது பற்றி நீ போன தடவை வந்தபோது சொன்னாயே, 1977-இல் அமெரிக்காவில் சில பெண்கள், ஆண்கள் விளையாட்டுக்குக் கட்டும் காப்புப் பட்டி இரண்டை ஒன்றாகத் தைத்துத்தான் அதைத் தொடங்கினார்கள் என்று. நான் எழுந்து வெளியே போய்விட்டேன். மகள் அப்பாவிடம் பேசுகிற பேச்சா என்று கூச்சம். ஆனால் வெளியே நின்று முழுதையும் கேட்டேன்.

2021-இல் பல்கேரியாவில் நடந்ததும் உனக்குத் தெரிந்திருக்கும். கடற்கரைக் கைப்பந்து (ஹேண்ட்போல்) போட்டியில் நோர்வேப் பெண்கள் குட்டைக் காற்சட்டை போட்டு ஆடினார்கள் என்று 1,500 யூரோ அபராதம். இடுப்புத் துணியின் பக்க அகலம் 10 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாதாம்! ஆண்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. பெரிய சத்தம் வந்த பிறகு அந்த வருடமே விதியை மாற்றினார்கள். அங்கே துணி ஓர் அங்குலம் கூடினால் அபராதம், இங்கே ஓர் அங்குலம் குறைந்தால் பெற்றார் கூட்டத்தில் பேச்சு. உங்கள் பாவாடை நீளத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிய கூட்டத்தில் நானும் இருந்தேனே. அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் போட்டுக்கொண்டு ஓடப்போகிறவள் ஒருத்திகூட இல்லை.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "கொழுந்து மலைக்கு என்ன உடுத்தலாம்னு நான் யாரைக் கேட்டேன்?" என்றாள். உண்மைதான். என் பழைய முழுக்கைச் சட்டை, இடுப்பில் படங்கு, தலையில் துண்டு. கை கீறாது, பனி ஏறாது. இருபத்தாறு வருடம் அந்த உடுப்போடு மலை ஏறினாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது, உன் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நான் இல்லை என்று.

மறுநாள் பின்னேரம் கிரவுண்டுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கேட்டேன். 2024 ஜூலை 28-ஆம் திகதி தம்புள்ளையில் சமரி அத்தபத்துவின் இலங்கைப் பெண்கள் கிரிக்கெட் அணி இந்தியாவை 8 விக்கெட்டால் அடித்து ஆசியக் கிண்ணத்தை எடுத்ததே, அதற்கு அடுத்த வாரம் பலகை மட்டையோடு என் வாசலுக்கு வந்து நின்ற அதே பிள்ளைகள்தான். என்னிடம் வாய் திறக்கவில்லை. "நீங்களே சொல்லுங்க சேர்." ஒரு கொப்பியையும் பேனாவையும் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார்கள்.

கீழே கறுப்பு அல்லது கடும் நீலம், இதில் பதினான்கு பேரும் ஒரே பேச்சு. முழுக் காற்சட்டை, கணுக்காலில் இறுக்கம் (பந்து பொறுக்கத் தேயிலைக்குள் போனால் அட்டை கடிக்கும்). கை முழங்கை வரை. கழுத்து குனிந்தால் தொங்கக் கூடாது. முதுகில் பேர், தமிழில். காற்சட்டையில் சிப் வைத்த ஒரு பை. எதற்கு என்று எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. மேலே மெரூன் ஒன்பது பேர், நீலம் மூன்று பேர், ரோஸ் இரண்டு பேர். பச்சை ஒருவரும் இல்லை: "பச்சையை மலையில பார்த்தது போதும் சேர்." ரோஸ் கேட்டவர்களில் ஒருத்திதான் எங்கள் வேகப் பந்துவீச்சாளர், அவள் போடும் பந்தைப் பிடிக்கப் பையன்களே பயப்படுவார்கள். அவளை மாற்ற முடியாது. கடைசியில் அவர்களே பேரம் பேசி முடித்திருக்கிறார்கள்: மெரூன் சட்டை, ரோஸ் இலக்கம். தூரத்திலிருந்து புள்ளி எழுதுகிறவருக்குத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். நீ பார்த்துச் சொல்.

அளவுச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். எடுத்தது அம்மா, உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு. நான் வெளியே நின்று அவள் சொன்னதை எழுதினேன். ஏழாவது பிள்ளையின் அளவு பெரிதாக இருக்கும், தவறு என்று நினைத்துக் குறைத்துவிடாதே. எந்தக் கடைச் சட்டையும் பொருந்தாமல் அவள் தம்பியின் பள்ளிக்கூடச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டுதான் இவ்வளவு நாளும் ஆடினாள்.

வெட்டுவதற்கு முன் துணியில் ஒரு துண்டை நனைத்துக் கையில் போட்டுப் பார், கண்ணு.

அன்புடன்,
அப்பா