கோப்புக் கட்டு எந்த பீரோவில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு அலுத்துப்போன வாசகர் ஒருவர், பதில் தராத அலுவலர்களுக்கான அபராதத்தைக் கூட்ட வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தார். அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் என்று அபராதம் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதை இரட்டிப்பாக்கினாலும் காணாமல் போன காகிதம் அகப்படாது. நான் அரசு அலுவலகம் ஒன்றில் பதினோரு வருடம் ரெக்கார்டு ரூமைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தும் இருக்கிறேன், இந்தப் பக்கம் நின்றும் இருக்கிறேன்.

இந்தப் பக்கம் நின்ற கதையை முதலில் சொல்கிறேன். எங்கள் ஊர் வாய்க்காலைத் தூர்வாரியதாகப் பலகை வைத்திருந்தார்கள். மண்வெட்டி பட்ட அடையாளமே எங்கள் பக்கம் இல்லை. டீக்கடையில் ஆளாளுக்கு ஒரு தொகையைச் சொல்லி, பொறியாளர் சாப்பிட்டுவிட்டார் என்று தீர்ப்பும் எழுதிவிட்டார்கள். சரி, பார்த்துவிடலாம் என்று பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எஸ்டிமேட்டும், நடந்த வேலையை அளந்து எழுதுகிற எம்-புக்கும் கேட்டு மனு அனுப்பினேன். முப்பது நாள் கெடுவில் இருபத்தொன்பதாம் நாள் பதில் வந்தது: 'தாங்கள் கோரிய தகவல் தொகுக்கப்பட்ட நிலையில் இவ்வலுவலகத்தில் இல்லை.' நான் எதையும் தொகுத்துத் தரச் சொல்லவில்லை. இருக்கிற புத்தகத்தின் நகலைத்தான் கேட்டேன்.

முதல் மேல்முறையீடு செய்தேன். அதற்கும் முப்பது நாள், இழுத்தால் நாற்பத்தைந்து நாள். கடைசியில் 'நேரில் வந்து பார்வையிடலாம்' என்று கடிதம் வந்தது. போனேன். பிரிவு எழுத்தர் புதியவர், பாவம், மூன்று பீரோவையும் மாறி மாறித் திறந்து பார்த்துவிட்டு வியர்த்து நின்றார். டீ வாங்கிக்கொண்டு வந்த வயதான அலுவலக உதவியாளர், "வாய்க்கா வேலையா? அது கட்டடம் மாறினப்போ வந்த மூட்டைல இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது பீரோவின் அடித்தட்டில் கையை விட்டு எடுத்துக் கொடுத்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஆறு பக்க நகலுக்குப் பன்னிரண்டு ரூபாய் கட்டச் சொன்னார்கள். கெடுவுக்குள் தகவல் தராவிட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டத்தின் ஏழாம் பிரிவில் இருக்கிறது. நான் வாதாடவில்லை, கட்டினேன்.

எம்-புக்கில் என்ன இருந்தது தெரியுமா? வேலை நடந்திருக்கிறது. ஆனால் வாய்க்காலின் மேற்குப் பகுதியில் மட்டும். எங்கள் பக்கம் எஸ்டிமேட்டிலேயே சேரவில்லை. பலகையைத்தான் தப்பான இடத்தில் நட்டிருக்கிறார்கள். இத்தனை மாதம் அந்தப் பொறியாளர் எங்கள் ஊர் டீக்கடையில் திருடனாக இருந்தார். காகிதத்தை முதல் வாரமே எடுத்துக் காட்டியிருந்தால் அவருக்குத்தான் முதல் லாபம்.

இப்போது அந்தப் பக்கம். முடிந்த கோப்பை ப.மு., மூ.மு., ஓ.மு. (பத்து, மூன்று, ஒரு வருடம் வைத்திருக்க வேண்டியவை) என்று பிரித்து, ஆண்டுவாரியாகக் கட்டுக் கட்டி, அட்டையில் எண் எழுதித் தட்டில் வைப்பது ரெக்கார்டு கிளார்க் வேலை. அந்த இடத்தில் ஆள் ஓய்வு பெற்றால் புது ஆள் வருவது அபூர்வம். வேறு பிரிவில் தொல்லை கொடுப்பவரைத் தூக்கிப் போடுகிற இடமாகவும் அது ஆகிவிட்டது (என்னையும் அப்படித்தான் போட்டார்கள்). அலுவலகம் புதுக் கட்டடத்துக்கு மாறும்போது எல்லாக் கட்டும் லாரியில் குவியலாகப் போகும், குவியலாகவே இறங்கும். அப்புறம் மனு வருகிறது. மனுவுக்குப் பதில் சொல்ல வேண்டிய பொதுத் தகவல் அலுவலர் என்பவர் தன் சீட் வேலையோடு இதையும் சேர்த்துப் பார்க்கிற ஒரு கண்காணிப்பாளர். பதிலை அவர் மறைக்கிறார் என்று நாம் நினைக்கிறோம். பாதி நேரம் அது எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. 'கோப்பு கிடைக்கவில்லை' என்பது தகவலை மறுக்கச் சட்டம் அனுமதித்த காரணம் அல்ல, ஒழுங்காகத் தேடிப் பார்த்துப் பொறுப்பை நிர்ணயிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. தேட ஆள் வேண்டுமே.

முப்பது நாள் கெடுவைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் பிரிவு எதில் தொடங்குகிறது என்று கவனிப்பதில்லை. ஆவணங்களை வகைப்படுத்திப் பட்டியலிட்டு வை என்பதுதான் அங்கே முதல் கட்டளை. தானாக வெளியிட வேண்டிய பதினேழு இனங்கள் அதற்கு அடுத்துத்தான் வருகின்றன. என் கோரிக்கை சின்னது. ஒவ்வொரு அலுவலகமும் தன்னிடம் உள்ள கோப்புகளின் எண், தலைப்பு, ஆண்டு, எந்த பீரோ என்பதை ஒரு எக்செல் தாளில் ஏற்றி இணையத்தில் போடட்டும். எல்லாக் கோப்பையும் ஸ்கேன் செய்யச் சொல்லவில்லை. அதற்குப் பணமில்லை என்பார்கள். பட்டியலுக்கு ஒரு கணினியும், வேறு வேலை கொடுக்காத ஒரு ஆளும் போதும்.

நம் ஆட்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். '2006 முதல் இன்றுவரை நடந்த அனைத்துப் பணிகளின் அனைத்து ஆவணங்களும்' என்று முப்பது கேள்வி எழுதி அனுப்புகிறவர்கள் உண்டு. அப்படி ஒரு மனு வந்தால் ஒரு வாரம் வேறு வேலை ஓடாது. அங்கேதான் அதிகாரிகள் 'அளவுக்கு மீறி வேலை பிடிக்கும்' என்ற உட்பிரிவைக் காட்டித் தட்டிக் கழிக்கிறார்கள். அந்த உட்பிரிவோ தகவலைக் கேட்டபடி தர முடியாவிட்டால் வேறு வடிவில் கொடு என்கிறதே தவிர, மறுத்துவிடு என்று சொல்லவில்லை. மனுதாரருக்கு ஒரு போன் போட்டு, "ஐயா, உங்களுக்கு எந்த வேலையைப் பற்றித் தெரியணும்?" என்று கேட்டால் முப்பது கேள்வி இரண்டாகக் குறையும். நான் வேலையில் இருந்தபோது பலமுறை செய்திருக்கிறேன். கோப்பைப் பிரித்து எதிரில் உட்கார வைத்தால் நகல்கூடக் கேட்காமல் போனவர்கள் உண்டு. பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை. மேல்முறையீடு வரை காத்திருக்காமல் முதல் பதிலிலேயே 'வந்து பாருங்கள்' என்று எழுதுவதில் என்ன கஷ்டம்?

நகலை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அந்த அலுவலக உதவியாளரிடம் நன்றி சொன்னேன். வருகிற ஆனியோடு தனக்கு சர்வீஸ் முடிகிறது என்றார். எந்த பீரோவில் எது இருக்கிறது என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "யாரும் கேக்கலியே சார்" என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.