டென்வர் வீட்டில் அன்று இருந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ராபர்ட் ஷ்னைடர், ஜூலியன் கோஸ்டர், ஸ்காட் ஸ்பில்லேன், ஜெரமி பார்ன்ஸ், லாரா கார்ட்டர், அப்புறம் 1997 கோடையில் ஆல்பத்தைப் பதிவு செய்தபோது அமெரிக்காவின் டென்வரில் அவர்களோடு இருந்த எல்லோருக்கும் வணக்கம்.

கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். 'நியூட்ரல் மில்க் ஹோட்டல்' என்ற அமெரிக்க இசைக்குழுவின் இரண்டாவது ஆல்பமான 'இன் தி ஏரோபிளேன் ஓவர் தி சீ' 1998 பிப்ரவரியில் வெளிவந்தது. என் கைக்கு அது 2009இல்தான் வந்தது. கல்லூரி விடுதியில் பக்கத்து அறை அண்ணன் ஒருவர் தன் பென் டிரைவைக் கொடுத்து, "ராத்திரி லைட்டை அணைச்சுட்டு முழுசா கேளு, நடுவுல நிறுத்தாதே" என்றார். அவருக்கு என் முதல் நன்றி.

பாட்டுகளை எழுதிப் பாடியவர் ஜெஃப் மாங்கம். அவரைக் கொண்டாடி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அது நியாயம்தான். இந்த மடல் அவர் பக்கத்தில் நின்றவர்களுக்கு.

ஸ்காட், நீங்கள் ஆஸ்டினில் ஒரு பீட்சா கடையில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று படித்திருக்கிறேன். ஜெஃப் கூப்பிட்டதும் கிளம்பி வந்துவிட்டீர்கள். ஜெரமி கல்லூரியை விட்டுவிட்டு வந்தார். ஆல்பத்துக்கு முன்னால் நியூயார்க்கில் ஜூலியனின் பாட்டி வீட்டில் எல்லோரும் தங்கிப் பயிற்சி செய்திருக்கிறீர்கள். டிரம்ஸ், டிரம்பெட், அக்கார்டியன் என்று அத்தனை சத்தத்தையும் பொறுத்துக்கொண்டு இடம் கொடுத்த அந்தப் பாட்டிக்குத் தனியாக ஒரு கும்பிடு.

'தி ஃபூல்' என்று வார்த்தையே இல்லாத ஒரு பாட்டு இருக்கிறதே, ஸ்காட், நீங்கள் எழுதியது, அதை முதலில் கேட்டபோது நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் தெருவில் சாவு ஊர்வலத்துக்கு வரும் பேண்டு செட்டின் நடை அது. சுருதி கொஞ்சம் அப்படி இப்படி விலகும், ஆனாலும் ஊதுகிறவர் நெஞ்சு முழுவதும் அதில் இருக்கும். லூசியானாவிலும் டென்வரிலும் வளர்ந்த இசையில் என் தெருச் சத்தம் கேட்டதை இன்னும் மறக்க முடியவில்லை.

அப்புறம் 'ஓ கம்லி'. எட்டு நிமிடத்துக்கு மேல் போகும் பாட்டு. மைக்கின் அளவைச் சரிபார்க்கத்தான் ஜெஃபைக் கொஞ்சம் பாடச் சொன்னார்களாம். அவர் நிறுத்தவே இல்லை, ஒரே மூச்சில் முடித்துவிட்டார். ராபர்ட், ஆல்பத்தின் தயாரிப்பாளரான நீங்கள் டேப்பை ஓடவிட்டீர்கள். பாட்டின் கடைசியில் தூரத்திலிருந்து ஒருவர் வியந்து கத்துவது கேட்கும். அது ஸ்காட் என்று சொல்கிறார்கள். பாடுகிறவனைத் தடுக்காமல் விடுவதும், அந்தக் கத்தலை வெட்டி எறியாமல் வைத்திருப்பதும் எவ்வளவு பெரிய உதவி! கிதாரின் ஓசை கிழிந்து, ஏறி, காதை அடைப்பதுபோல் வரும் இடங்களையும் நீங்கள் துடைத்துச் சுத்தம் செய்யவில்லை. அதற்காகவே உங்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

எனக்கு ஓர் அக்கா இருந்தாள். நான் பிறப்பதற்கு நான்கு வருடம் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். கூடத்தில் மாலை போட்ட படமாகத்தான் அவளைத் தெரியும். பார்த்தே இராத ஒருத்திக்காக அழலாமா, அந்தத் துக்கத்தில் எனக்குப் பங்கு உண்டா என்று யாரிடமும் கேட்டதில்லை. ஜெஃப் ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைப் படித்துவிட்டு நாள்கணக்கில் அழுதார் என்றும், அந்தத் துக்கம் இந்தப் பாட்டுகளுக்குள் வந்தது என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். 1945இல் நாஜி முகாமில் இறந்துபோன ஒரு யூதச் சிறுமிக்காக, அவளுக்குப் பல வருடம் கழித்துப் பிறந்த ஒருவர் அழுதிருக்கிறார். நண்பர்கள் யாரும் அவரைத் தடுக்கவில்லை. கொம்பையும் வாத்தியத்தையும் எடுத்துக்கொண்டு கூடவே நின்றார்கள். அன்று ராத்திரி விடுதியில் அக்காவுக்காக முதல்முறையாக அழுதேன்.

இந்த ஆல்பத்தை வெளியிட்ட மெர்ஜ் ரெக்கார்ட்ஸை 1989இல் சேப்பல் ஹில்லில் தொடங்கிய மேக் மெக்காகனுக்கும் லாரா பாலன்ஸுக்கும் நன்றி. முதலில் சுமார் 5,500 சிடிதான் போட்டார்கள். ஆல்பம் வந்த வருடமே குழு ஓய்ந்து, ஜெஃப் ஒதுங்கிப் போனார். அப்படியும் ஆல்பத்தைக் கைவிடாமல் கடைகளில் கிடைக்கும்படி வைத்திருந்தார்கள். இல்லையென்றால் பதினொரு வருடம் கழித்து அது எனக்கு எப்படி வந்திருக்கும்? பழைய ஐரோப்பியத் தபால் அட்டை ஒன்றை எடுத்து, பெண்ணின் முகம் இருந்த இடத்தில் வட்டமான பறை முகத்தை வைத்து அட்டைப்படம் செய்த கிறிஸ் பில்ஹைமருக்கும் நன்றி.

ராபர்ட், உங்களிடம் இன்னொன்று சொல்ல வேண்டும். நீங்கள் பிறகு கணிதம் படித்து, எமரி பல்கலைக்கழகத்தில் கென் ஓனோவிடம் 2018இல் முனைவர் பட்டம் வாங்கியதை அறிந்து துள்ளிக் குதித்தேன். ஓர் எண்ணைச் சிறிய எண்களின் கூட்டலாக எத்தனை விதமாக எழுதலாம் என்பதுதானே உங்கள் ஆய்வு? நான்கு தனியாக நிற்பதையும் சேர்த்தால் நான்கை ஐந்து விதமாக எழுதலாம். அந்தக் கணக்கில் தோய்ந்து கிடந்த ராமானுஜனின் வீடு சாரங்கபாணி சந்நிதித் தெருவில், எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். ஒருநாள் இங்கே வாருங்கள். நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன், டிகிரி காபியும் உண்டு.

உங்கள் பள்ளிக்கூட நண்பர்கள், எலிஃபண்ட் சிக்ஸ் என்ற இசைக் கூட்டமைப்பை உங்களோடு சேர்ந்து தொடங்கியவர்கள், பில் டாஸ் 2012இலும் வில் கல்லன் ஹார்ட் 2024இலும் போய்விட்டார்கள். இந்த மடல் அவர்களுக்கும் சேர்த்துத்தான். சீக்கிரமே எழுதியிருக்க வேண்டும்.

ஜூலியன், கடைசியாக உங்களுக்கு. ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் மரம் அறுக்கும் ரம்பத்தை வளைத்து, வில்லால் இழுத்து வாசித்திருக்கிறீர்கள். போன மாதம் அதைக் கூடத்தில் ஸ்பீக்கரில் போட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "என்னடா இது, யாரோ யாரையோ தூரத்துலேருந்து கூப்பிடற மாதிரி இருக்கே" என்றாள். ரம்பம் என்றேன், நம்பவில்லை. மறுபடியும் போடச் சொன்னாள். பாட்டு முடியும்வரை அக்காவின் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய நன்றியையும் இதோடு சேர்த்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து உங்கள் ரசிகன்