ஆடித் தள்ளுபடியில் அந்த ஏசி வேண்டாம்

டூயிஸ்பர்க், ஜெர்மனி
ஜூலை 20

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

சேசுவுக்கே புகழ். கருங்கல் ஊர்க்காரப் பிள்ளை லீவு முடிந்து வந்தபோது கொடுத்துவிட்ட பொதி வந்து சேர்ந்தது. முந்திரிக்கொத்து ஒன்றுகூட உடையவில்லை. நல்லமிளகும் கருப்பட்டியும் பத்திரம். அடியில் மடித்து வைத்திருந்த கடிதத்தை டியூட்டிக்குப் போகும் டிராமில் உட்கார்ந்து வாசித்தேன். போனில் கூப்பிட்டால் "எல்லாம் சுகம், நீ சாப்பிட்டியா மக்களே" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறீர்கள். பேப்பரில் எழுதினால்தான் வீட்டு விஷயம் முழுசாக வெளியே வருகிறது. அதனால் நானும் பேப்பரை எடுத்துவிட்டேன்.

முதலில் அவசரமான காரியம். மார்த்தாண்டத்தில் சக்கரம் வைத்த ஏசியைப் பார்த்துவிட்டு வந்து, ஆடித் தள்ளுபடி முடிவதற்குள் பாட்டி அறைக்கு வாங்கியே தீர வேண்டும் என்று அப்பா நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். "பிள்ளை அதைத்தானே அங்கே வச்சிருக்கு" என்றும் சொன்னார்களாம். வைத்திருக்கிறேன், அது சரிதான். ஆனால் நம் வீட்டுக்கு அது வேண்டாம். ஏன் என்று விளக்கமாகவே எழுதுகிறேன், அப்பாவுக்கு நிதானமாக வாசித்துக் காட்டுங்கள்.

இங்கே வீடுகளில் ஏசி பார்ப்பது அபூர்வம். எல்லாம் குளிருக்காகக் கட்டினவை. கனத்த சுவர், ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. உள்ளே நுழைந்த சூடு லேசில் வெளியே போகாது. 2019 ஜூலை 25 அன்று இதே டூயிஸ்பர்க்கில் 41.2 டிகிரி வெயில் அடித்திருக்கிறது. ஜெர்மனியின் சாதனை அளவே அதுதான். நாகர்கோவிலில்கூட நான் அப்படியொரு வெயிலைக் கண்டதில்லை. அதோடு இந்த மாதங்களில் ராத்திரி ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் போகாது. நான் இருப்பது நாலாவது மாடி, கூரைக்கு நேர் கீழே. வாடகையைப் பார்த்து எடுத்ததாக நினைக்க வேண்டாம், வெளிச்சம் நல்லது என்றுதான் எடுத்தேன். லிப்ட் இல்லாததும் உடம்புக்கு நல்லதுதானே. கூடத் தங்கியிருந்த ஷைனி கொலோன் பக்கம் வேலை மாறிப் போனபிறகு இரண்டு அறையும் எனக்கே. விசாலமாகக் கிடக்கிறது.

இப்போது பெரும்பாலும் நைட் டியூட்டி. நானாகத்தான் கேட்டு வாங்கினேன், ராத்திரியில் வார்டு அமைதியாக இருக்கும். காலையில் வந்து கஞ்சி குடித்துப் படுத்தால், பத்து மணிக்குள் கூரை காய ஆரம்பித்துவிடும். மத்தியானம் தலையணையைத் தொட்டால் சுடும். மேசை விசிறி அந்தச் சூட்டுக் காற்றையே திருப்பித் திருப்பி முகத்தில் அடித்தது. தூக்கம் சரியாக வராமல் போய் ஊசி மருந்து அளக்கிற வேலையைச் செய்ய முடியாது. அதனால்தான் ஏசி. ஆடம்பரம் இல்லை.

சுவரில் மாட்டுகிற ஏசிதான் முதலில் கேட்டேன். அதற்கு வெளிச்சுவரைத் துளைக்க வேண்டும், வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். முடியாது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. கடையில் தண்ணீர் ஊற்றி ஐஸ் கட்டி போடுகிற பெட்டி ஒன்றையும் காட்டினார்கள், விலை சல்லிசு. அது காய்ந்த காற்றில்தான் வேலை செய்யும். அடைத்த அறையில் வைத்தால் ஈரம் ஏறிப் புழுங்கும். நம்மூரில் காற்றே ஈரம், அங்கே அதை நினைக்கவே வேண்டாம். கடைசியில் மிச்சம் இருந்தது சக்கரம் வைத்த இதுதான். 9000 பிடியு, அதாவது நம் கணக்கில் முக்கால் டன். 12000 என்றால் ஒரு டன். படுக்கிற அறை சின்னது, அதற்கு இது போதும். விலையைச் சொன்னால் நீங்கள் அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டுத் தூங்க மாட்டீர்கள், எனவே சொல்லவில்லை.

முப்பது கிலோ இருக்கும். கீழ்வீட்டுத் துருக்கிக்காரர் சாய்க்காமல் தோளில் வைத்து நாலு மாடி ஏற்றிக்கொடுத்தார். காசு கொடுக்கப் போனால் கோபம் வந்துவிட்டது அவருக்கு. ஏற்றினவுடன் போடக்கூடாது, கம்ப்ரசரில் எண்ணெய் இறங்கித் தெளிய நிமிர்த்தியபடியே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். இங்கே ஜன்னல் கைப்பிடியை ஒரு பக்கம் திருப்பினால் கதவு மாதிரித் திறக்கும், இன்னொரு பக்கம் திருப்பினால் மேல்பக்கம் மட்டும் உள்ளே சாயும். அந்தச் சாய்ந்த இடைவெளியைச் சுற்றிலும் ஒரு துணியை ஒட்டி, நடுவில் இருக்கும் ஜிப்பைத் திறந்து, யானைத் தும்பிக்கை கனத்துக்கு இருக்கிற குழாயை வெளியே விட வேண்டும். சூட்டுக் காற்று போகிற குழாய் அது. ஜன்னலுக்கு வெளியே வெயில் மறைக்கிற தட்டி ஒன்று உண்டு. அதை முழுக்க இறக்கினால் சூடு அங்கேயே முட்டித் திரும்பும், ஏற்றினால் வெயில் உள்ளே வரும். ஒரு முழம் மட்டும் இடைவெளி விட்டு இறக்குவது என்று பழகிக்கொண்டேன்.

இனி அப்பா கவனமாகக் கேட்க வேண்டிய இடம். சுவர் ஏசியில் சத்தமும் சூடும் வெளியே நிற்கிற பெட்டியில். இதில் கம்ப்ரசர் உட்பட எல்லாமே அறைக்குள். கட்டிலுக்குப் பக்கத்தில் பஸ் இஞ்சினைப் போட்டுக்கொண்டு படுத்த மாதிரிதான். பாட்டி சாயங்காலம் செபமாலை சொல்லும்போது நாம் சொல்கிற பதில் அவர்கள் காதில் விழவே விழாது. இன்னொன்று, அந்தக் குழாய் வழியே வெளியே தள்ளுவது நம் அறைக் காற்றைத்தான். போன காற்றுக்கு ஈடாகக் கதவிடுக்கு வழியே வேறு காற்று உள்ளே வந்தாக வேண்டும். இங்கே மாடிப்படியில் இருக்கிற சூடு மொத்தமும், யார் வீட்டில் என்ன பொரிக்கிறார்கள் என்கிற வாசனையோடு, கதவுக்கடியில் நுழைகிறது. இரண்டு குழாய் வைத்ததும் உண்டு, ஒன்று வெளிக்காற்றை இழுக்கும், ஒன்று தள்ளும். அது இதைவிடப் பரவாயில்லை, ஆனால் எளிதில் கிடைப்பதில்லை.

பாட்டி அறையை நினைத்துப் பாருங்கள். ஜன்னலுக்கு மேலே காற்றுப்போக்கு ஓட்டை, ஜன்னலில் நெருங்கின கம்பி. குழாயை எங்கே விடுவது? கம்பியை அறுக்க வேண்டும். கதவைச் சாத்தவும் பாட்டி விட மாட்டார்கள். ரோட்டில் யார் போகிறார்கள் என்று தெரியாமல் அவர்களுக்குப் பொழுது போகாது. அப்புறம் தண்ணீர். காற்றில் இருக்கிற ஈரத்தை இது இழுத்து, முடிந்த மட்டும் ஆவியாக்கிக் குழாய் வழியே அனுப்பும். ஈரம் கூடினால் அடித்தொட்டி நிறைந்து, சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும். இங்கேயே புழுக்கமான நாளில் நிறைகிறது. வருஷம் முழுக்க ஈரம் குறையாத நம்மூரில், ராத்திரி எழுந்து யார் தொட்டி கொட்டுவது? நீங்கள்தான், வேறு யார்.

இங்கே அந்தத் தண்ணீருக்கும் ஆள் இருக்கிறது. எதிர்வீட்டுப் பாட்டியைப் பற்றி முன்னமே சொல்லியிருக்கிறேன், குப்பையைப் பிரித்துப் போடவில்லை என்று வாசலில் சீட்டு ஒட்டினவர்கள். ஏசி வந்தவுடன் கதவைத் தட்டினார்கள். ராத்திரி பத்துக்கு மேல் சத்தம் கூடாது, கழுத்தில் காற்று பட்டால் சீக்கு வரும், வெயிலுக்கு அதிகாலையில் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு எட்டு மணிக்கு அடைத்தால் போதும் என்று வரிசையாகச் சொன்னார்கள். கடைசியாகச் சொன்னது உண்மையும்கூட, இப்போது நானும் அப்படித்தான் செய்கிறேன். காலையில் குளிர்ந்த காற்றை விட்டு அடைத்து, சூடு ஏறுவதற்கு முன்பே ஏசியைப் போட்டால் அறை சீக்கிரம் அடங்குகிறது. சூடேறின பிறகு போட்டால் மல்லுக்கட்டுதான். அடுத்த வாரம் பாட்டி கையில் ஒரு தெர்மாமீட்டரோடு வந்தார்கள். என் அறையில் பத்து நிமிஷம் பிடித்துப் பார்த்துவிட்டு 26 என்று ஒரு நோட்டில் எழுதினார்கள். அவர்கள் அறையில் 30. ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது, அந்தத் தொட்டித் தண்ணீரைக் கொட்டாதே, சுண்ணாம்பு கலக்காத தண்ணீர், என் பூச்சட்டிக்கு வேண்டும் என்றார்கள். அன்றிலிருந்து தினமும் ஒரு வாளி வாசலில் இருக்கிறது. சில நாள் அதை எடுக்க வரும்போது உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்கும் பேச்சுத் துணை. அவர்கள் பேசுவதில் பாதி புரிவதில்லை, பரவாயில்லை.

கரண்ட் கணக்கும் கேளுங்கள். ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். இங்கே ஒரு யூனிட் நம் காசுக்கு நாற்பது ரூபாய்ப் பக்கம். அங்கே இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் கொடுத்தும் அப்பா மீட்டரைப் போய்ப் போய்ப் பார்ப்பார்கள், இங்கே வந்தால் மயங்கி விழுவார்கள். நான் அளந்துதான் போடுகிறேன், கையைக் கடிக்கவில்லை. மீன்கூட ஞாயிறன்றுதான் வைக்கிறேன், அது பணத்துக்காக இல்லை, தனி ஆளுக்கு எதற்கு தினமும் மீன். யாழ்ப்பாணத்து அண்ணன் கடையில் மரச்சீனிக்கிழங்கு ஐஸில் வைத்தது கிடைக்கிறது. அவித்தால் நார் நாராக வருகிறது. சாளையும் கிடைக்கிறது. புளிமுளம் குழம்பு வைத்துத் தொட்டுக்கொண்டேன். தேங்காய் அரைத்துவிட்டும் நம் வீட்டு ருசி இல்லை. அம்மியில்தான் இருக்கிறதோ என்னமோ.

அங்கே நல்ல மழை என்று எழுதியிருக்கிறீர்கள். பேச்சிப்பாறை அணையைத் திறந்துவிட்டார்களா? இங்கே ஜன்னலைச் சாத்தி, தட்டியை இறக்கி, அந்த உறுமலுக்கு நடுவில் தூங்கி எழும்பினால் காலையா சாயங்காலமா என்றே தெரிவதில்லை. அடுத்த தடவை மழை பெய்யும்போது கூப்பிடுங்கள் அம்மா. ஒன்றும் பேச வேண்டாம். பின்கட்டில், ஓடு இறங்கும் இடத்தில், அரிவாமனை வைக்கிற திண்ணை மேல் போனை வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். காசு போகாது, வாட்ஸாப்தானே. நான் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிடுகிறேன். தம்பி கேலி செய்வான், செய்யட்டும்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். பாட்டி அறைக்குச் சுவரில் மாட்டுகிற ஸ்ப்ளிட் ஏசிதான். நம் வீடு, நம் சுவர், துளை போட யாரிடமும் கேட்க வேண்டாம். ஒரு டன் போதும், இன்வெர்ட்டர் வகை ஏசி, ஐந்து நட்சத்திரம். நம்மூரில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும், ஸ்டெபிலைசர் வேண்டும். அதற்கு முன் எலக்ட்ரீஷியனை வரவழைத்து அந்த அறை ஒயரையும் எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். தாத்தா காலத்து ஒயர் அது. மேலே இருக்கிற காற்றுப்போக்கு ஓட்டையை அடைக்க வேண்டும். 24-க்குக் கீழே வைக்க வேண்டாம், பாட்டிக்கு இழுப்பு வரும். எப்படியும் மழை முடிகிற வரைக்கும் சூடு இல்லை, பங்குனிக்கு முன்னால் மாட்டினால் போதும். அதுவரைக்கும் அந்த அறைக் கான்கிரீட் கூரையின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கோட் அடித்துப் பாருங்கள். அதிலேயே பாதிச் சூடு அடங்கினால் ஏசியையே தள்ளிப்போடலாம்.

பணத்தில் பாதி ஆகஸ்டிலும் மீதி செப்டம்பரிலும் அனுப்புகிறேன். ஒரேயடியாக அனுப்ப முடியாமல் இல்லை, யூரோ இன்னும் ஏறும் என்று கூட வேலை செய்கிற பிள்ளைகள் சொல்கிறார்கள். படிப்புக் கடன் தவணை இந்தத் தடவை 5-ஆம் தேதிக்குப் பதில் 12 வாக்கில் வரும். பேங்கில் கேட்டால் அப்படியே சொல்லுங்கள். மைனியின் வளையலை அடகு வைக்கிற பேச்சு மட்டும் வேண்டாம்.

தம்பி கவுன்சலிங்கில் தூரத்துக் கல்லூரியை முதலில் போட வேண்டாம். ஹாஸ்டல் செலவு பேசாமல் ஏறும். லிஸ்ட் போடுவதற்கு முன் எனக்கு ஒரு தடவை அனுப்பச் சொல்லுங்கள். ரப்பர் மரத்துக்கு மழைத்தண்ணீர் தடுக்கிற ரெயின் கார்டு ஒட்டியாச்சா? இல்லையென்றால் இந்த மழையில் பால் வெட்டு நின்றே போகும்.

அயனி மரம் விஷயம். பெரியப்பா மகன் அது அவர்கள் எல்லைக்குள் நிற்கிறது என்கிறான் என்றால், வாய்ப்பேச்சு வேண்டாம். சர்வேயருக்குப் பணம் கட்டி அளந்து கல் போடச் சொல்லுங்கள். அதுவரைக்கும் அப்பா எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போடக்கூடாது, பெரியப்பா நேரில் வந்து கேட்டாலும். பழைய பத்திரம் பீரோவில், என் நர்சிங் சர்ட்டிபிகேட் இருந்த மஞ்சள் பையில் இருக்கிறது. தம்பியிடம் சொல்லி எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பாட்டி அறையின் நீள அகலத்தையும் அளந்து அதோடு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்