கிளினிக் கார்ட் இல்லையென்று பிள்ளையைத் திருப்பி அனுப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் அதனோடு வந்த மண்சரிவுகளும் பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் விளைவித்த அழிவின் பின்னர் வீடு, காணி, நட்டஈடு ஆகியவை பற்றி நிறையவே பேசியிருக்கிறோம், பேசவும் வேண்டும். ஆனால் உயிர் தப்பி வந்த கைக்குழந்தைகளுக்கு உரிய நாளில் தடுப்பூசி கிடைக்கிறதா என்ற கேள்வியை அதே அழுத்தத்தோடு யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பதுளை மாவட்டத் தோட்டமொன்றில் 26 ஆண்டுகள், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொண்டவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மண்சரிவுக்குப் பின் எங்கள் பக்கத்துப் பாடசாலையொன்றில் தங்கியிருந்த குடும்பங்களுக்கு உதவப் போயிருந்தேன். பத்து மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த தாயொருத்தி, தான் காப்பாற்றிக் கொண்டுவந்த ஷொப்பிங் பையைத் திறந்து காட்டினாள். அடையாள அட்டையும் இரண்டு பிறப்புச் சான்றிதழும் உள்ளே இருந்தன. ஊசி போட்ட திகதிகளை எழுதும் பிள்ளையின் கிளினிக் கார்ட், அவர்கள் குடியிருந்த லயத்தோடு மண்ணுக்குள் போய்விட்டது. ஒன்பதாம் மாதத்தில் போடும் சின்னமுத்து (மீசில்ஸ்) ஊசி இன்னும் போடவில்லையென்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. உடைந்த பாதையில் நடந்து, தங்கியிருக்கும் இடத்துக்கு அண்மையிலிருந்த கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். கார்ட் இல்லாமல் போட முடியாது, பழைய இடத்தில் எழுதி வாங்கிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பழைய இடத்துக்குப் போக அப்போது பாதையே இருக்கவில்லை. இன்னொரு தாய் தன் பிள்ளையின் கார்டை அடுப்புக்கு மேலே கொடியில் காயப்போட்டிருந்தாள். ஊதா மையெல்லாம் கரைந்து, அச்சடித்த கட்டங்கள் மட்டும் வெறுமையாக எஞ்சியிருந்தன. எந்தக் கட்டத்தில் எந்தத் திகதி இருந்ததென்று விரல் வைத்து அவள் எனக்குச் சொல்லிக் காட்டினாள்.

எந்த உத்தியோகத்தரையும் குற்றஞ்சாட்டுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. எங்கள் குடும்பநல உத்தியோகத்தர்களில் பலர் அந்த நாட்களில் தங்கள் வீட்டையும் மறந்து மலை ஏறி இறங்கினார்கள் என்பதைக் கண்ணால் கண்டவள் நான். ஆனால் காகிதம் இல்லையென்பது ஊசியைத் தள்ளிப்போடக் காரணமாகக் கூடாது. முன்னரே போடப்பட்ட சின்னமுத்து ஊசியைத் தெரியாமல் இன்னொரு தடவை போட்டுவிட்டாலும் பிள்ளைக்குத் தீங்கில்லை. போடாமல் விட்டால்தான் தீங்கு. ஆகவே பதிவு இல்லாத பிள்ளையைத் தடுப்பூசி போடாத பிள்ளையாகக் கருதி, உரியதைப் போட்டு, அங்கேயே புதிய கார்ட் எழுதிக் கொடுப்பதே முறை. பழைய விபரத்தைத் தேடுவதென்றால், தாயை அலைய விடாமல், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் தம்மிடமுள்ள பதிவேடுகளைப் பார்த்துத் தொலைபேசியில் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளலாம்.

சின்னமுத்தை முதலில் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. அந்த நோயுள்ள பிள்ளை இருமிவிட்டுப் போன பிறகும் இரண்டு மணித்தியாலம் வரை கிருமி அந்த அறையின் காற்றில் இருக்கும் என்கிறார்கள். ஒரு வகுப்பறையில் ஆறேழு குடும்பங்கள் பாய் விரித்துப் படுக்கும் இடத்தில் அதை எப்படித் தடுப்பது? 1991இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் பினாடுபோ எரிமலை வெடித்தபோது, எங்களைப் போலவே மலையில் வாழ்ந்த ஏட்டா மக்கள் முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். எரிமலைக்குத் தப்பி வந்த அவர்களுடைய பிள்ளைகளில் பலரைப் பலிகொண்டது சின்னமுத்து. 2004 சுனாமியின் பின் இலங்கை முகாம்களில் பெருங் கொள்ளைநோய் எதுவும் பரவவில்லை. அதற்கு முன்பே நம் பிள்ளைகளுக்கு ஒழுங்காக ஊசி போடப்பட்டிருந்தது அதற்கொரு முக்கிய காரணமென்றே நான் எண்ணுகிறேன். ஆனால் அதே சுனாமி தாக்கிய தமிழ்நாட்டின் கடலூர்ப் பகுதியில், பெரும்பாலான பிள்ளைகள் ஒரு தடவை ஊசி போட்டிருந்தும் சின்னமுத்து பரவியது. ஒன்பதாம் மாதத்தில் போட்டாயிற்று என்று இருந்துவிடாமல், மூன்று வயதில் போட வேண்டிய இரண்டாவது ஊசியையும் தவறவிடக் கூடாது என்று நான் தாய்மாரிடம் வற்புறுத்துவது இதனால்தான். சின்னமுத்தை ஒழித்த நாடென்று 2019இல் உலக சுகாதார ஸ்தாபனத்திடம் பெயர் வாங்கிய நம் நாட்டிலேயே 2023இல் அது மீண்டும் தலைகாட்டியதை மறக்க முடியாது.

இடம்பெயர்ந்து நெருக்கமாகத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு ஆறாம் மாதத்திலேயே ஒரு சின்னமுத்து ஊசி போடலாம் என்பது உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறை. அப்படிப் போட்டாலும் ஒன்பதாம் மாத ஊசியைக் கட்டாயம் போட வேண்டும். இதைத் தாய்க்கு விளங்கும்படி சொல்லாவிட்டால் 'அதுதான் போட்டாச்சே' என்று வீட்டில் இருந்துவிடுவாள். சிறு தடிமன் இருக்கும் பிள்ளைக்கு ஊசி கூடாதென்ற எண்ணமும் எங்கள் மத்தியில் உண்டு. மழையும் பனியுமாக இருக்கும் மாதங்களில் தடிமன் இல்லாத பிள்ளையை எங்கே தேடுவது? அது தடையில்லை என்பதை ஒலிபெருக்கியிலாவது சொல்ல வேண்டும். உடம்பில் பொரி கண்டவுடன் அம்மாள் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை வைத்து மறைவாகப் படுக்கவைக்கும் பாட்டிமாரையும் நான் கோபிக்க மாட்டேன். வேப்பிலை இருக்கட்டும், ஆனால் அன்றைக்கே மிட்வைப் மிஸ்ஸுக்கு, அதாவது குடும்பநல உத்தியோகத்தருக்கு, செய்தி போக வேண்டும்.

மருந்தைப் பாதுகாப்பதிலும் கவனம் வேண்டும். எங்கள் குளிருக்கு ஊசி மருந்து கெடாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது 2 பாகை முதல் 8 பாகை செல்சியஸ் வரையிலான குளிரில் இருக்க வேண்டும். மின்சாரம் நாட்கணக்கில் நின்றால் சின்னமுத்து ஊசி சூட்டில் கெடும். ஐஸ் கட்டியோடு ஒட்டிக் கிடந்தால் இரண்டு, நான்கு, ஆறாம் மாதங்களில் போடும் ஊசி உறைந்து கெடும். தோட்டப் பாதைகள் எப்போது அடைபடும் என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே மழைக்காலம் தொடங்குமுன்பே எந்த நிலையத்தில் மின்பிறப்பாக்கி இருக்கிறது, எந்தக் குறுக்குப் பாதையால் ஐஸ் பெட்டியைக் கொண்டுவரலாம் என்பதை எழுதி வைத்திருப்பது அதிகாரிகளுக்குப் பெரிய வேலையல்ல. எலிக்காய்ச்சலுக்கு நம் பிள்ளைகளுக்குப் போடும் தடுப்பூசி கிடையாது. வயிற்றோட்டத்துக்குக் கொதித்தாறிய நீரும் மலசலகூடமும்தான் முதல் காவல். அவற்றைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

முகாம் வாழ்க்கை தற்காலிகமானதுதானே, வீடு கிடைத்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது வீடிழந்தவர்கள் புதிய வீட்டுக்குப் போக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றன. பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி முதல் பதினெட்டாம் மாத ஊசி வரை அத்தனையும் அந்தக் காலத்துக்குள் அடங்கிவிடும். தற்காலிக இடத்தில் பிறந்த குழந்தையின் ஊசிப் பருவத்தில் பெரும்பகுதி அங்கேயே கழிந்துவிடுகிறது. எனவே ஒவ்வொரு தங்குமிடத்துக்கும் இன்ன குடும்பநல உத்தியோகத்தர் பொறுப்பு, மாதத்தில் இன்ன நாள் கிளினிக் என்று நிலையாக அறிவிக்க வேண்டும். உறவினர் வீடுகளிலும் வேறு தோட்டத்து லயங்களிலும் ஒதுங்கியவர்களின் பெயர் முகாம் பட்டியலில் வராது. அவர்களை யார் தேடுவது என்பதையும் முடிவுசெய்ய வேண்டும்.

தோட்ட நிர்வாகங்களிடமும் ஒரு வேண்டுகோள். கிளினிக்குக்குப் போய்த் தாமதமாக மலைக்கு வரும் பெண்ணுக்கு அரைப் பேர் போடாதீர்கள். வீடிழந்து, சட்டி பானை முதல் புதிதாக வாங்க வேண்டிய நிலையில் இருக்கும் குடும்பத்தில், அந்த அரைநாள் சம்பளமா பிள்ளையின் ஊசியா என்று ஒரு தாயைத் தீர்மானிக்க வைப்பது நியாயமல்ல.

தங்கள் பத்திரிகையிடமும் ஒன்று கேட்கிறேன். இடம்பெயர்ந்தோருக்கான கிளினிக்குகள் நடைபெறும் நாளையும் இடத்தையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிடம் பெற்று, வாரந்தோறும் மலையகப் பக்கத்தில் ஒரு சிறு கட்டமாக வெளியிட்டால், அதைக் கத்தரித்துக் கோயில் சுவரிலும் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் ஒட்டுகிற வேலையை என்னைப் போன்றவர்கள் செய்வோம்.

இப்படிக்கு,
பிள்ளை மடுவ முன்னாள் பொறுப்பாளர் ஒருவர்,
பதுளை மாவட்டம்