கறுப்பு வீட்டிலிருந்து

ஒகயாமா, ஜப்பான்,
ஜூலை 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் அனுப்பிய வீட்டுப் போட்டோவைப் பார்த்துவிட்டு, "தீப்பிடித்த வீட்டிலா குடியிருக்கிறான்?" என்று அம்மா பதறினாளாம். வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இங்கே வெளிச்சுவர்ப் பலகையை வேண்டுமென்றேதான் கருக்குகிறார்கள். யாக்கிசுகி என்று பெயர். யாக்கி என்றால் சுட்டது, சுகி இந்த நாட்டு மரம். செட்டோ உள்நாட்டுக் கடலோரத்திலும் நவோஷிமா தீவிலும் பழைய வீடுகள் பல இப்படிக் கறுப்புத்தான்.

மே மாதம் கருக்குவதை நேரில் பார்த்தேன். மூன்று பலகைகளை முக்கோணக் கூடாகச் சேர்த்துக் கட்டி, அடியில் காகிதத்தைக் கொளுத்தி நிமிர்த்தி வைக்கிறார்கள். கூடே புகைபோக்கி ஆகிவிடுகிறது. தீ உள்ளே சீறி ஏறி உச்சியில் நாக்கை நீட்டுகிறது. சில நிமிடம்தான். பிரித்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால், உள்முகம் மட்டும் சில மில்லிமீட்டர் கரியாகி முதலைத் தோல் மாதிரி வெடித்திருக்கிறது. அந்தக் கரி லேசில் மறுபடி பற்றாது. மழையும் பூச்சியும் மரத்தை அவ்வளவு சுலபமாகத் தொட முடியாது. பெயிண்ட் செலவும் இல்லை. ஆனால் சாய்ந்து நின்றால் சட்டை போச்சு. எனக்கு இரண்டு போயாச்சு.

பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கல்யாணச் சீராக வந்த அலமாரி இருக்கிறது, கிரி என்ற லேசான மரத்தில் செய்தது. ஒரு இழுப்பறையைத் தள்ளினால் உள்ளே அடைபட்ட காற்றில் இன்னொன்று தானாக வெளியே வருகிறது! அவ்வளவு துல்லியம். பழசானால் மேலே மெல்லச் சீவிப் புதுசாக்கிவிடுவார்களாம்.

நான்தான் முட்டாள். குளிர்காலத்தில் ஹீட்டர் பக்கத்தில் மேசையைப் போட்டேன். நடுப்பலகையில் நகம் நுழையும் விரிசல். இப்போது மழைக்காலம், ஈரத்தில் மரம் ஊதிப் பாதி மூடியிருக்கிறது. மரம் மூச்சு விட இடம் கொடு என்று பாட்டி திட்டினார்.

அதனால்தான் கேட்கிறேன்: தாத்தாவின் தேக்கு பெஞ்சுக்கு வார்னிஷ் அடிக்க நினைக்கிறீர்களே, வேண்டாமே. இத்தனை வருஷம் வெறும் மரமாகவே இருந்துவிட்டது. வெயில் படாத இடத்தில் போட்டு, காய்ந்த துணியால் துடைத்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தேய்த்து, மிச்சத்தை ஒற்றி எடுத்தால் போதும். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், நிஜமாகவே. கொடியில் விரித்துக் காயப் போடுங்கள். அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மற்ற துணியோடு ஊறவைத்துவிடுவாள்.

அன்புடன்,
உங்கள் மகன்